மதகடியில் எடுத்தவை

எட்டிப் பார்க்காதீர்கள் அம்மா. பார்த்தாலும் சிக்னல் தெரியாது. வளைவுக்கு அப்பால் இருக்கிறது. முன்னால் ஸ்டேஷனில் பிளாட்பாரம் காலியாகும்வரை இந்த வண்டியைப் பாலத்தின் மேல்தான் நிறுத்தி வைப்பார்கள். குறைந்தது இருபது நிமிடம், அதிகபட்சம் ஐம்பத்தைந்து. நான் குறித்து வைத்திருக்கிறேன். இறங்கி நடந்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். ஓரத்தில் கால் வைக்க ஒரு பலகைகூடக் கிடையாது. ஜன்னலில் கம்பி, கம்பிக்கு வெளியே இரும்புத் தூண், தூணுக்கு வெளியே தண்ணீர்.

தண்ணீர் என்பது சரியான சொல் இல்லை. கழிமுகம். ஆறு மணி நேரம் உப்பு ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும். ஆறு மணி பன்னிரண்டு நிமிடம் என்று சொல்ல வேண்டும். நான் பேசுவது அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு வழியும் இல்லை, பாலத்தின் மேல் இருக்கிறோம்.

பையை ஏன் மடியிலேயே வைத்திருக்கிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? உள்ளே இரண்டு நோட்டு இருக்கிறது. ஒன்று பழையது, சேறு படிந்தது. இன்னொன்று புதியது. பதினொரு மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் மாடியில் விசாரணைக் குழு உட்காருகிறது. அங்கே இரண்டில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். எதைக் கொடுப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இப்போது மணி பத்து நான்கு.

என் பெயர் பழமலை. கல்லூரியின் கடல் ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருடமாக உதவியாளர். ஓய்வுக்கு இன்னும் பதினொரு மாதம். என் வேலை என்ன என்று கேட்டால் சட்டென்று சொல்ல முடியாது. சொன்னால் மூன்றடி தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். விஷம் வைப்பது. செம்பு, துத்தநாகம், காட்மியம், ஈயம். பாதரசமும் உண்டு, ஆனால் அதற்குப் பேராசிரியரிடம் தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த உலோகங்களைத் தண்ணீரில் கரைத்து, கழிமுகத்துச் சின்னப் பிராணிகளை அதில் விட்டு, எவ்வளவு கலந்தால் பாதி சாகிறது என்று பார்ப்பது. முழுவதும் சாவது முக்கியம் இல்லை. பாதி. அந்தப் பாதிதான் கட்டுரையில் போகும்.

எங்கள் பிராணி சேற்றுக்கூனி. கடையில் விற்கிற கூனி இறால் இல்லை, அதற்குத் தூரத்துச் சொந்தம். அரிசி அளவு இருக்கும், முதுகு வளைந்திருக்கும், சேற்றில் வளை தோண்டிக் குடியிருக்கும். ஆறு ஜாடி வைப்பேன். ஐந்தில் செம்பு, ஒன்றைவிட ஒன்றில் கூடுதலாக. ஆறாவதில் ஒன்றும் கிடையாது, வெறும் தண்ணீர். ஒவ்வொன்றிலும் பத்துப் பத்துக் கூனி. நான்கு நாள் சோறு கிடையாது. தினமும் காலையில் மெல்லிய தூரிகையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கால் அசைந்தால் உயிர், அசையாவிட்டால் சாவு. எப்போதும் திங்கட்கிழமைதான் ஆரம்பிப்பேன், வெள்ளிக்கிழமை முடிந்துவிடும். என் ஆய்வகத்தில் எந்தப் பிராணியும் சனி ஞாயிறு செத்தது கிடையாது.

இதில் ஒரு விதி இருக்கிறது. ஆறாவது ஜாடியில், விஷம் இல்லாத ஜாடியில், பத்தில் ஒன்றுக்கு மேல் செத்தால் மொத்தச் சோதனையும் செல்லாது. நான்கு நாள் வேலையைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். சேற்றுக்கூனி லேசான ஜாதி. பிடிக்கும்போது சாகும், கொண்டுவரும்போது சாகும், வெயில் பட்டால் சாகும், உற்றுப் பார்த்தாலே சாகும். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பத்தில் நான்கு, ஐந்து போகும். என்னிடம் போகாது. பேராசிரியர் சற்குணராஜ் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார், "இவர் கையால எடுத்தா எதுவும் சாகாதுங்க. எமனே வந்தாலும் பழமலைகிட்ட பர்மிஷன் கேக்கணும்" என்று. விஷம் வைக்கிறவனுக்கு இப்படி ஒரு பெயர்.

ரகசியம் ஒன்றும் இல்லை. இடம். ஆரம்பத்தில் நானும் மற்றவர்களைப்போல அலையாத்திக் காட்டுப் பக்கம்தான் எடுத்தேன். வாளியில் போட்டு ஆய்வகம் வருவதற்குள் கால்வாசி போய்விடும். பிறகு ஒருநாள் செம்புக்கம்பி ஆலைக்குப் பின்னால் ஒரு மதகு இருக்கிறது, அதன் அடியில் எடுத்துப் பார்த்தேன். வாளியிலே மூன்று நாள் மறந்து வைத்துவிட்டேன் அம்மா, ஒன்றுகூடச் சாகவில்லை. துறுதுறுவென்று ஓடுகிறது. அன்றிலிருந்து அங்கேதான். மாதம் ஒருமுறை, அமாவாசைக்கு மறுநாள், தண்ணீர் நன்றாக வற்றும்போது. நல்ல ஆரோக்கியமான பிராணி வேண்டும் என்றுதான் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. ஆரோக்கியம் என்றால் சாகாமல் இருப்பதுதானே?

நீங்கள் சிரிக்கிறீர்களா? இல்லையா? சரி.

அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. ஒன்பது வருடம் இருக்கும். நான் மதகடியில் முழங்கால் சேற்றில் நின்று அள்ளிக்கொண்டிருக்கிறேன். இறால் தடவுகிற பெண்கள் தெரியும் அல்லவா, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, வாயில் பறிக்கூடையைக் கவ்விக்கொண்டு, கையாலேயே சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். அவர்களில் ஒருத்தி கரைமேல் வந்து நின்று சத்தம் போடுகிறாள். "சார், மதகாண்ட எடுக்காத சார். நாங்களே அங்க கால் வெக்க மாட்டோம். கொக்குகூட எறங்காது." நான் சொன்னேன், "அதனால்தானம்மா எடுக்கிறேன். யாரும் கலைக்காத இடம்" என்று. அவள் விடவில்லை. காலைத் தூக்கிப் புண்ணைக் காட்டுகிறாள், தண்ணீர் என்கிறாள், பச்சையாக வருகிறது என்கிறாள். நான் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். எழுதினால் ஜனங்கள் அடங்கிவிடுவார்கள், பார்த்திருக்கிறேன். அவளும் அடங்கிப் போய்விட்டாள்.

மணி பத்து பதினான்கு. காற்றே இல்லை பாருங்கள். வண்டி ஓடும்போதுதான் இந்தக் காற்றாடிக்கும் உயிர் வருகிறது.

நசீமா என்று ஒரு பெண் ஆராய்ச்சிக்கு வந்தாள். கெட்டிக்காரி, ஆனால் பிடிவாதம். அவளும் சேற்றுக்கூனி, அவளும் செம்பு. ஆனால் ஆலைப் பக்கம் போக மாட்டேன் என்று அலையாத்திக் காட்டில் எடுத்தாள். அவள் ஆறாவது ஜாடியில் பத்துக்கு ஒன்று சாகும், சில தடவை அதுவும் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். மற்ற ஜாடிகள்தான் பிரச்சினை. நான் எந்த அளவுச் செம்பில் பாதி சாகும் என்று இத்தனை வருடம் சொல்லிவந்தேனோ, அதில் நான்கில் ஒரு பங்கிலேயே அவளுடையவை பாதி செத்தன. மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும் அப்படியே.

பேராசிரியர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் இருந்ததைச் சொன்னேன். "சின்னப் பொண்ணு சார். கை கனம். தூரிகையால அழுத்திடுது" என்றேன். அவர் அதையே அவளிடம் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். அந்த வருடக் கடைசியில் ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் போய்விட்டாள். இப்போது எங்கோ டியூஷன் எடுக்கிறாளாம். போகும்போது என் மேஜையில் அவளுடைய தூரிகையை வைத்துவிட்டுப் போனாள். ஒட்டக முடி, மூன்றாம் நம்பர். என்னுடையது ஐந்தாம் நம்பர். அவளுடையதுதான் மெல்லியது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குள் அந்தப் பாதி சாகும் அளவு, என் எண், எங்கெங்கோ போய்விட்டது. கட்டுரையில் போனது, கட்டுரையிலிருந்து அறிக்கைக்குப் போனது, அறிக்கையிலிருந்து ஆலையின் அனுமதிக் காகிதத்துக்குப் போனது. ‘உள்ளூர்ப் பிராணிகளின் தாங்குதிறன் அடிப்படையில்’ என்று ஒரு வரி. உள்ளூர்ப் பிராணி என்றால் என்னுடைய மதகடிக் கூனி. அது எவ்வளவு தாங்குமோ அதை வைத்து, இவ்வளவு செம்பு விடலாம் என்று எழுதிவிட்டார்கள். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அச்சில் பெயர் வரவில்லை, ஆனால் எண் வந்தது.

பிறகு மூன்று வருடமாகக் கழிமுகத்தில் மீன் மிதக்கிறது, நண்டு இல்லை, இறால் இல்லை என்று புகார். யாரோ விடாமல் மனுமேல் மனுவாகப் போட்டிருக்கிறார்கள். குழு அமைத்தார்கள். போன மாதம் ஆய்வகத்துக்குக் கடிதம் வந்தது: அந்த எண் வந்த சோதனைகளின் மூலக் குறிப்பேட்டை, எழுதியவரே நேரில் கொண்டுவர வேண்டும். எழுதியவர் நான்.

எனக்குக் கோபம். என் வேலையில் பிழையா என்று. சரி, ஒரேயடியாகக் காட்டிவிடலாம் என்று இரண்டு இடத்திலும் எடுத்துவந்து, ஒரே தண்ணீரில், ஒரே செம்பில், பக்கத்தில் பக்கத்தில் ஜாடி வைத்தேன். அலையாத்திக் காட்டில் அறுபது பிடிக்க இரண்டு நாள் ஆனது. முன்பெல்லாம் ஒரு கை அள்ளினால் அறுபது இருக்கும். பருவம் சரியில்லை என்று எழுதிக்கொண்டேன். தூரிகை நசீமாவுடையது. திங்கட்கிழமை ஆரம்பித்தேன்.

புதன்கிழமையே தெரிந்துவிட்டது.

அவள் கை கனம் இல்லை அம்மா. மதகடியில் இருந்தவை தப்பிப் பிழைத்தவை. ஆலை வந்து இருபது வருடம். சேற்றுக்கூனிக்கு ஆயுள் சில மாதம்தான். இருபது வருடத்தில் எத்தனை தலைமுறை, நீங்களே யோசியுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் தாங்காதது செத்தது, தாங்கியது குட்டி போட்டது. குட்டி போட்டது என்பது சரியான சொல் இல்லை, போகட்டும். கடைசியில் எது செத்தாலும் சாகாத ஒரு கூட்டம் அங்கே மிஞ்சியது. நான் அந்தக் கூட்டத்தைத்தான் அள்ளி வந்து, ‘பாருங்கள், எவ்வளவு செம்பு விட்டாலும் பிழைக்கிறது’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். மதகடிக் கூனி இருபதை நல்ல தண்ணீரில், நல்ல சேற்றில், சோறு போட்டு வளர்த்தேன். மூன்று வாரத்தில் பதினாறு போய்விட்டது. செம்பே இல்லை, ஆனாலும் போய்விட்டது. ஏன் என்று உறுதியாகத் தெரியவில்லை, அப்படியே எழுதியிருக்கிறேன். ஒருமுறை என்னைக்கூடக் கடல் இல்லாத ஊரில் ஒரு கல்லூரிக்கு மாற்றினார்கள். நல்ல காற்று, குடிக்க நல்ல தண்ணீர், சத்தம் போடாத முதல்வர். பதினோராம் நாள் பேராசிரியர் வீட்டு வாசலில் போய் நின்று திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எதற்குச் சொல்கிறேன் இதை? ஏதோ ஞாபகம் வந்தது.

பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. அவர் கத்துகிறவர் இல்லை. பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "பழமலை, நோட்டு ரொம்ப அழுக்கா இருக்குய்யா. குழு முன்னால இதையா நீட்டுவ? அழகா ஒன்னு எடுத்து எழுதிடு. தேவை இல்லாததெல்லாம் வேணாம்" என்றார். நான் கதவு வரைக்கும் வந்துவிட்டேன். என் மகள் அதே கல்லூரியில் தற்காலிக ஆசிரியை. "பொண்ணு எப்படி இருக்கா? டிபார்ட்மென்ட்ல நல்லா பாடம் எடுக்குறான்னு பேசிக்கிறாங்க. ஜூன்ல நிரந்தரம் பண்ணிடலாம்" என்றார். அவ்வளவுதான் பேசினார். ஒரு சொல் தப்பாகப் பேசினார் என்று யாரும் சொல்ல முடியாது.

எழுதினேன். பன்னிரண்டு நாள், மதியச் சாப்பாட்டு வேளையில். நான் பொய் எழுதுகிறவன் இல்லை. தேதி சரி, எண் சரி, எத்தனை செத்தது என்பது சரி. ‘இடம்’ என்ற கட்டத்தில் மட்டும், பழைய நோட்டில் ‘மதகடி’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘கழிமுகம்’ என்று எழுதினேன். மதகடி கழிமுகத்தில்தானே இருக்கிறது? கடலிலா இருக்கிறது? ஒரு வார்த்தை பொய்யில்லை. ‘குறிப்பு’ என்ற கட்டத்தை விட்டுவிட்டேன். அதில் வானிலை, வாளி உடைந்தது, அப்படி ஏதாவதுதான் இருக்கும்.

புதிய நோட்டைக் கொடுத்தால் எண் நிற்கும், ஆலை நடக்கும், என் மகளுக்கு ஜூன் வரும். பழையதைக் கொடுத்தால் இருபத்தெட்டு வருட வேலை செல்லாது என்று ஆகும். நானே செய்த வேலை. வண்டி இப்படியே நின்றுவிட்டால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன். பாலத்தின் மேல் இருக்கிறவனிடம் யாரும் எதையும் கேட்க முடியாது.

என்ன கேட்டீர்கள்? எந்த மதகு என்றா? சொன்னேனே, ஆலைக்குப் பின்னால், பூவந்தோப்புப் பக்கம். ஏன், நீங்கள் பூவந்தோப்பில்தானே ஏறினீர்கள்?

மஞ்சள் வாளியா? ஆமாம், என்னிடம் மஞ்சள் வாளிதான் இருந்தது. கைப்பிடிக்குப் பதில் கயிறு கட்டியிருப்பேன். அது உங்களுக்கு எப்படி...

ஓ.

நீங்களா?

அடையாளம் தெரியவில்லை அம்மா. அன்றைக்கு முகத்தில் சேறு இருந்தது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நான் ஏதோ வேடிக்கை என்று சொன்னேன். அந்தக் காகிதக் கட்டு, அந்த பிளாஸ்டிக் கவர்... நீங்களும் பதினொரு மணிக்குத்தானா? மனு போட்டது நீங்கள்தானா? இவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

மறுபடி சொல்லுங்கள். காது கேட்கிறது, ஆனால் மறுபடி சொல்லுங்கள்.

"அன்னிக்கு நான் சொன்னத நோட்டுல எழுதிக்கினியே சார்." ஆமாம், எழுதினேன். "ஊர்ல போயி சொன்னேன். காலேஜ் சார் ஒருத்தர் எழுதிக்கினு போயிருக்கார், எதனா பண்ணுவாங்கன்னு. வருஷத்துக்கும் சொன்னேன். என்ன பாத்தா கேலி பண்றாங்க, எங்கடி உன் சாருன்னு."

ஒன்பது வருடமாகவா?

என்ன எழுதினேன் என்று... அது ஞாபகம் இல்லை அம்மா. நாள்பட்ட விஷயம். எடுக்கிறேன், எடுக்கிறேன். பையைப் பிடிக்க வேண்டாம், நானே எடுக்கிறேன். இது புதியது. இதில் இல்லை. குறிப்புக் கட்டம் இதில் கிடையாது என்று சொன்னேனே. இதுதான் பழையது. மார்ச் மாதம் இருக்கும், வெயில் ஆரம்பித்திருந்தது. இதோ. மார்ச், அமாவாசைக்கு மறுநாள். நேரம், ஏழு இருபது. எடுத்தது, இருநூற்றுப் பத்து. குறிப்பில், ‘உள்ளூர்ப் பெண் ஒருவர் சில கருத்துகளைத்...’

படிக்கத் தெரியுமா உங்களுக்கு? எழுத்துக் கூட்டியா? என் கையெழுத்து தெளிவாகத்தான் இருக்கும். விரல் வைத்துப் படியுங்கள். சேறு உதிரும், பரவாயில்லை.

‘ஒரு பெண் குறுக்கிட்டாள். பத்து நிமிடம் வீண்.’

ஆமாம். அந்தச் சொல் வீண்தான். நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். நான்தான் மாற்றிப் படித்தேன்.

திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன், எங்கே போகப்போகிறேன். ஏன் மேலே போகிறீர்கள், அது வேறு கட்டம். இடம். ஆமாம், ம, த, க, டி. அதற்கு முந்திய மாதமும் அதுதான். அதற்கும் முந்திய மாதமும். எல்லாப் பக்கத்திலும் அதுதான். புரட்ட வேண்டியதில்லை, சொன்னால் நம்பலாம். சரி, புரட்டுங்கள்.

என்ன? விரலிலா? முன்னெல்லாம் எங்கே சேற்றில் கை விட்டாலும் அந்தச் சின்னக் கூனி விரலில் மொய்க்கும் என்கிறீர்கள், இப்போது வேறு வழியில்லாமல் மதகாண்ட இறங்கினால் அங்கே மட்டும்தான் மொய்க்கிறது என்கிறீர்கள். எப்போதிலிருந்து? மூன்று வருடமாகவா? அலையாத்திக் காட்டுப் பக்கமும் இல்லையா? அப்படியானால் பருவம் இல்லை அது. நான் இரண்டு நாள் தேடினேனே அம்மா. அறுபது தேடினேன்.

அந்த அறுபதையும் நான்தான் எடுத்துவந்து ஜாடியில் போட்டேன்.

குலுங்கியது. வண்டிதான். பிளாட்பாரம் கிடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. மணி பத்து முப்பத்தொன்று. இருபத்தேழு நிமிடத்துக்கு மேல் நின்றிருக்கிறது. இன்னும் எட்டு நிமிடத்தில் ஸ்டேஷன், அங்கிருந்து கலெக்டர் ஆபீஸ் நடக்கிற தூரம்.

நோட்டை ஏன் உங்கள் கவருக்குள் வைக்கிறீர்கள்? திருப்பிக் கொடுங்கள் அம்மா. அது கல்லூரிச் சொத்து. வெளியாள் கையில் கொடுக்கக் கூடாது, அட்டையிலேயே எழுதியிருக்கிறது. நான் கேட்க வேண்டியது கடமை, கேட்டுவிட்டேன். எதிரில் இருக்கிறவர்களும் கேட்டிருப்பார்கள். நீங்கள் கொடுக்கவில்லை. என் வயதில், ஓடுகிற வண்டியில், ஒரு பெண்ணிடமிருந்து பிடுங்குவது முறையில்லை. அப்படித்தான் நான் பேராசிரியரிடம் சொல்வேன். அதுவும் ஒரு வார்த்தை பொய்யில்லை.

என் மகள் என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. அவளும் அந்த ஆய்வகத்தில்தான் வளர்ந்தாள்.

இருங்கள், கவரை மூடாதீர்கள். ஒரு விவரம் குறைகிறது. ‘ஒரு பெண்’ என்று எழுதியிருக்கிறேன், யார் என்று எழுதவில்லை. குழுவில் முதலில் அதைத்தான் கேட்பார்கள், யார் அந்தப் பெண் என்று. இந்தாருங்கள் பேனா. அந்த வரிக்கு மேலே கொஞ்சம் இடம் இருக்கிறது. உங்கள் பெயரை எழுதுங்கள். அன்றைக்கு என்ன சொன்னீர்களோ அதையும் எழுதுங்கள், எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதினால் போதும், எட்டு நிமிடம் இருக்கிறது. இல்லை அம்மா, நான் எழுத மாட்டேன். நான் எழுதினால் மறுபடி தப்பாக எழுதிவிடுவேன். எழுதி முடித்ததும் பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டுவிடுங்கள். மூலக் குறிப்பேட்டில் திருத்தம் செய்தால் தேதி போட வேண்டும்.